பாறசாலையிலிருந்து கடலுக்கு: ஒரு நாள் பயணத் திட்டமும் அதன் பின்னுள்ள வரலாறும்

எல்லைப்புறக் கிராமங்களைச் சேர்ந்த முதுகலை வரலாற்று மாணவர் சிலர் அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தனர். அவர்களுடைய பாடத்தில் இங்கிலாந்தின் கடற்கரை ஓய்வூர்கள் இடம்பெறுகின்றன. பிரைட்டன், பிளாக்பூல், ஸ்கார்பரோ ஆகிய பெயர்களும் ஆண்டுகளும் மனப்பாடமாகிவிட்டன. படமாக மட்டும் எதுவும் விழவில்லையாம். "அக்கா, நம்ம பக்கத்துல பிரைட்டன் எது? ஒரு நாள் போய்வர ஒரு திட்டம் போட்டுத் தாங்க" என்றனர். வேடிக்கையான கேள்விதான் என்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். எந்த இடம், எந்த நாள், எந்த வண்டி என்று மூன்று வரிகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. மூன்றும் மூன்று வரலாற்றுக் கேள்விகளாக மாறிவிட்டன. இந்தப் பதிவு அதனால்தான் நீள்கிறது.

முதலில் அவர்கள் பாடத்தைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். ஆங்கிலேயர் கடலுக்குப் போகத் தொடங்கியது மகிழ்ச்சிக்காக அன்று, மருத்துவத்துக்காக. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று 1750இல் இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளிப்பதோடு குடிக்கவும் சொன்னார். நோயாளிகள் பிரைட்டனுக்குத் திரண்டார்கள். 1789இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வேமத் கடலில் இறங்கினார். அவருடைய மகன் பிரைட்டனில் கட்டிய மாளிகையை நாம் அறிவோம்: வெளியே முகலாயக் குவிமாடங்கள், உள்ளே சீன அலங்காரம். பின்னர் இரயில் வந்தது. 1841இல் பிரைட்டனுக்கும் 1846இல் பிளாக்பூலுக்கும். 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம். இலங்காஷயரின் பஞ்சாலை நகரங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஆலைகளை மூடும் வழக்கம் இருந்தது. அந்த வாரத்தில் ஒரு நகரமே எழுந்து பிளாக்பூலுக்குப் போகும். ஆண்டு முழுவதும் சங்கம் வைத்து வாரந்தோறும் காசு சேர்ப்பார்கள்; நாம் சீட்டுப் பிடிப்பது போலத்தான். விடுதிக்கார அம்மையார்களிடம் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, சமையலுக்கான பொருளைத் தாங்களே வாங்கிக் கொடுப்போரும் உண்டு. ஜான் வால்டன் அந்த அம்மையார்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். அரசர்களைவிட அவர்கள் சுவாரசியமானவர்கள்.

இந்தக் கதையின் போக்கு எளிது. மருத்துவர் சொல்லி அரசன் போனான்; அரசனைப் பார்த்துச் செல்வர் போயினர்; இரயிலேறித் தொழிலாளி போனான். 1938இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கென ஒரு சட்டமும் வந்தது. ஐரோப்பியர் பதினெட்டாம் நூற்றாண்டு வரை கடற்கரையை அஞ்சி விலகியே நின்றனர், பின்னர்தான் அதை விரும்பக் கற்றனர் என்பது பிரெஞ்சு அறிஞர் அலேன் கோர்பனின் வாதம்.

இந்த வாதத்தை நம் கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. கோவலனும் மாதவியும் இந்திர விழாவின் முடிவில் ஊராரோடு கடலாடச் சென்ற கதை நமக்குப் புதிதன்று. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பட்டினப்பாலை காட்டும் ஒரு நாள். நிறைமதி நாளில் பரதவர் மீன்பிடிக்கப் போகவில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, தாழை சூடி, கள் அருந்தி, மணலில் விளையாடுகிறார்கள். கடலில் ஆடிவிட்டு ஆற்றுநீரில் உப்பைக் கழுவிக்கொள்கிறார்கள். தமிழில் நான் அறிந்தவரை மிகப் பழைய கடற்கரை விடுமுறை இதுதான். அதைக் கொண்டாடியவர் வெளியூரிலிருந்து வந்த செல்வர் அல்லர், அந்தக் கரையிலேயே உழைத்தவர்கள்.

அந்த நாளின் பெயர் உவவு. இன்று பாறசாலையிலும் குழித்துறையிலும் வாவு என்கிறோமே, அதே சொல்தான். ஆடி அமாவாசை இங்கு கர்க்கடக வாவு. முன்னோருக்குப் பலியிடும் நாள் என்பதால் வாவுபலி. ஆகவே, 'எந்த நாள்' என்ற கேள்விக்கு எல்லைக் கிராமத்து முதியவரிடம் விடை கேட்டால் காலண்டரில் ஞாயிறைத் தேட மாட்டார். வாவுக்குப் போகலாம், அல்லது மாசியில் மண்டைக்காட்டுக் கொடைக்குப் போகலாம் என்பார். வாவன்று சிலர் கன்னியாகுமரிக்கும், சிலர் நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்துக்கும், சிலர் குழித்துறை ஆற்றுக்கும் போவார்கள். பலியிட்ட கையோடு குழித்துறைப் பொருட்காட்சியைப் பார்த்து, ஒரு மாங்கன்றோ பலாக்கன்றோ வாங்கித் திரும்புவது எங்கள் வீட்டு வழக்கம். ஈரத்துணி, எள், பொதிச்சோறு, திரும்பும்போது கன்று. பிளாக்பூலிலிருந்து திரும்பியவர்கள் ஊர்ப்பெயர் உள்ளே ஓடும் சர்க்கரைக் குச்சி வாங்கிவந்தார்கள். எங்கள் கன்று சில ஆண்டுகளில் காய்த்தது என்பதை நான் பெருமையோடு குறிப்பிடத்தான் வேண்டும்.

இங்கே பருவத்தின் முரண் ஒன்று உண்டு. ஆங்கிலேயருக்குக் கடற்கரைப் பருவத்தின் உச்சம் சூலையும் ஆகஸ்டும். நம் மேற்குக் கரையில் அதே மாதங்களில் தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், மணற்பரப்பு சுருங்கும். வாவு அந்தச் சீற்றத்தின் நடுவில்தான் வருகிறது. அந்தக் கடலை நீந்தி மகிழும் இடமாக யாரும் நினைத்திருக்க முடியாது. மூன்று முறை முழுகிக் கரையேறும் இடம் அது.

இப்போது 'எந்த இடம்'. பாறசாலைக்கு மிக அருகிலிருக்கும் கடல் பூவாறும் பொழியூரும்தான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆயினும் பிரைட்டனைத் தேடும் மாணவரின் விரல் கோவளத்தில்தான் போய் நிற்கும். அது தவறும் அன்று. திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை 1924 முதல் 1931 வரை வகித்த சேது லட்சுமி பாயியின் குடும்பத்துக்காக 1930களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கடற்கரை மாளிகை எழுந்தது. அதன் பெயரே ஹால்சியன் காசில். கிரேக்கப் புராணத்தின் மீன்கொத்தி அமைதியான கடலில் கூடு கட்டும் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த பெயர். 1964இல் அது அரசின் கைக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில் சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பில், மலைச்சரிவோடு படிப்படியாக இறங்கும் அரசு விடுதி அதனருகே எழுந்தது. 1972இல் கலங்கரை விளக்கமும் வந்தது, ஹிப்பிகளும் வந்தார்கள். அரசமாளிகையைச் சுற்றி ஓய்வூர் முளைத்தது என்ற அளவில் பிரைட்டனோடு ஒப்பிடலாம்.

ஆனால் கோவளத்துக்கு முன்பே எல்லைக் கிராமத்தாருக்கு ஆங்கிலேயரின் கடற்கரைப் பழக்கம் கண்ணில் பட்டிருந்தது. பாறசாலையிலும் நெய்யூரிலும் இலண்டன் மிஷன் சங்கத்தின் நிலையங்கள் இருந்தன. திருவிதாங்கூர் வாழ்க்கையைப் பற்றி 1871இலும் 1883இலும் இரு பெரிய நூல்களை வெளியிட்ட சாமுவேல் மெட்டீர் பாறசாலையில் பணியாற்றியவர். வெயில் தாங்காதபோது மிஷனரிகள் முட்டத்துப் பாறைமேட்டிலிருந்த பங்களாவுக்குப் போனார்கள். கடற்காற்று உடலுக்கு நல்லது என்ற ரஸ்ஸல் காலத்து மருத்துவம், மதப்பணியாளரின் பெட்டியோடு நம் கரைக்கு இறங்கியது இப்படித்தான் என்று கருதுகிறேன். அந்த மேட்டின் கீழே மீனவர் ஊர். பிரான்சிஸ் சவேரியார் 1544இல் வந்த நாள்தொட்டுக் கத்தோலிக்கரான முக்குவர்கள் கீழே. காற்றுக்காக வந்த சீர்திருத்தச் சபை மிஷனரிகள் மேலே. ஒரே கடலைத்தான் இருவரும் பார்த்தார்கள். ஒருவருக்கு அது வேலை, மற்றவருக்கு மருந்து.

'எந்த வண்டி' என்பதற்கு வருவோம். இங்கேதான் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் வண்டிக்கு முன்பே வழி ஒரு சிக்கல். பிளாக்பூலில் கோபுரம் திறக்கப்பட்டது 1894இல். அதற்கு முந்தைய ஆண்டுதான், கோவளத்துக்கு அருகிலுள்ள வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுவழியில் பயணம் செய்தார். புலையர் வண்டியில் பொதுவழி போகலாமா என்பதே அன்றைய போராட்டம். இலங்காஷயரின் நெசவாளிக்குத் தேவைப்பட்டவை காசும் விடுமுறையும். இங்குள்ள உழவுத் தொழிலாளிக்கு அவை இரண்டும் கிடைத்திருந்தாலும் வழி கிடைத்திராது. வழி கிடைத்தாலும் தீர்த்தக் கட்டத்தையும் கோயிலையும் நெருங்க முடியாது. கடலுக்குச் சாதி இல்லை என்று சொல்வது எளிது. கடலுக்கு இட்டுச்செல்லும் தெருவுக்கு இருந்தது.

காந்தியே இதற்குச் சாட்சி. வைக்கம் போராட்டத்தையொட்டி 1925 மார்ச்சில் திருவிதாங்கூர் வந்தவர் கன்னியாகுமரிக்கும் சென்றார். கடலின் காட்சியில் உருகினார். ஆனால் கருவறைப் பகுதிக்குள் அவரை விடவில்லை. இங்கிலாந்து சென்றுவந்தவர் என்பது காரணம். அந்த அனுபவத்தைத் தம் இதழில் வருத்தத்தோடு எழுதினார். கடல் கடந்து ஆங்கிலேயர் நாட்டுக்குப் போனவருக்குக் கடற்கரைக் கோயில் மூடிக்கொண்டது. நம் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி கிடைக்காது.

1936 நவம்பர் 12இல் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்து தொடங்கியது. அதை அமைக்க இலண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்திலிருந்து சால்ட்டர் என்ற அதிகாரியை அழைத்திருந்தார்கள். அரசுப் பேருந்துகள் முதலில் ஓடிய வழிகளுள் திருவனந்தபுரம் – கன்னியாகுமரிச் சாலை ஒன்று. நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் ஊடறுத்துச் செல்லும் சாலை. இங்கிலாந்தில் ஊதிய விடுமுறைச் சட்டம் வந்த அதே ஆண்டு. இதைத் தற்செயல் என்றே கொள்கிறேன். பெரிய கோட்பாடு எதையும் இதன்மேல் எழுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் பயணச்சீட்டு வாங்கிய எவரும் யாரோடும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து குமரிமுனை வரை போகலாம், போய்க் கோயிலுக்குள்ளும் நுழையலாம் என்ற நிலை இந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிறந்தது. எல்லைக் கிராமங்களின் 'வங்கி விடுமுறைச் சட்டம்' எது என்று மாணவர் கேட்டால் 1936ஐயும் 1938ஐயும் சேர்த்தே சொல்வேன். இரயில் மிகத் தாமதம். திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலை வழியாகக் கன்னியாகுமரிக்குத் தண்டவாளம் வந்தது 1979இல்தான்.

இதற்கிடையில் வழியின் நடுவே ஒரு கோடு விழுந்தது. திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டம், 1954 ஆகஸ்ட் 11இன் துப்பாக்கிச்சூடு, 1956 நவம்பர் 1இன் மாநிலச் சீரமைப்பு ஆகியவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. நம் திட்டத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின, கோரப்பட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலைத் தமிழ்க் குடும்பத்தின் கடல்கள் இரண்டாகப் பிரிந்தன. வாவுக்கும் கொடைக்கும் போகும் கடல்களான குமரியும் மண்டைக்காடும் இஞ்சிவிளைக்கு அப்பால். காற்று வாங்கப் போகும் கோவளமும் பூவாறும் இப்பால். என் தலைமுறையில் சமயக்கடல் தமிழ்நாட்டிலும் உல்லாசக்கடல் கேரளத்திலும் இருப்பதாகவே பிள்ளைகள் வளர்ந்தோம். நில அமைப்பில் அப்படி ஏதுமில்லை. ஒரே மணல்.

கரை யாருடையது என்ற கேள்வியை வந்துபோகிறவர்கள் கேட்பதில்லை. இருப்பவர்களுக்கு அது வாழ்வின் கேள்வி. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டுக் கொடையின்போது நடந்த கலவரமும் காவல்துறைத் துப்பாக்கிச்சூடும் இம்மாவட்டத்தின் ஆறாத புண். வேணுகோபால் விசாரணை ஆணையம் அமைந்தது. அரசியலும் மத அமைப்புகளும் அதில் ஆற்றிய பங்கைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பூசலில் கடலாட வந்த பெண்களும், அந்தக் கரையையே முற்றமாகவும் தொழிற்களமாகவும் கொண்ட மீனவரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர் என்பதைக் கடற்கரைப் பயணத்தின் வரலாற்றை எழுதுவோர் மறக்கலாகாது. பரதவரே கடலாடிய உவவு நாள் எவ்வளவு தொலைவு போய்விட்டது!

தொழிற்களம் என்றது உவமை அன்று. கரைமடி வலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்துவர, இரண்டு குழுக்கள் கரையில் எட்ட எட்ட நின்று கயிற்றை இழுத்தபடியே நெருங்கி வருவார்கள். இதற்கு அகன்ற மணல் வேண்டும். நிற்க, பின்னோக்கி நடக்க, மீனைக் கொட்டிப் பங்கிட, வலை உலர்த்த. ஓய்வூருக்கு வேண்டியதும் இதே அகன்ற மணல்தான். இங்கிலாந்தில் பல ஓய்வூர்கள் முன்பு மீனவர் ஊர்களே, பிரைட்டனும் அப்படித்தான்.

இன்றோ அந்த மணலே போய்க்கொண்டிருக்கிறது. பொழியூரின் தெற்குக் கொல்லங்கோட்டுப் பகுதியில் கடல் தின்ற வீடுகளின் அடித்தளங்களைப் பலரும் நேரில் பார்த்திருப்பீர்கள். எல்லைக்கு அப்பால் நீரோடியில் தமிழ்நாடு அரசு கடலுக்குள் கற்சுவர்களை நீட்டியது. அங்கே அவற்றுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர், இங்கே புலிமுட்டு. சொல் இரண்டு, வேலை ஒன்று: கரையோரமாக நகரும் மணலைப் பிடித்து ஒரு பக்கம் சேர்ப்பது. பிடிக்கப்பட்ட மணல் அடுத்த ஊருக்குப் போகாது. தங்கள் கரை கரைவதற்கு அதுவே காரணம் என்று பொழியூர் மக்கள் சொல்கிறார்கள். 2015இல் பணி தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரே காரணம் என்று கரையின் பல ஊர்களில் சொல்கிறார்கள். 2022இல் மாதக்கணக்கில் போராடவும் செய்தார்கள். துறைமுகத்தார் மறுக்கிறார்கள். 1956இல் நிலத்தின்மேல் வரைந்த கோட்டை மணல் அறியாது. சுவர் கட்டும் துறைகள் மட்டும் அதை நன்றாக அறிந்திருக்கின்றன.

இங்கிலாந்தின் கடற்கரை வரலாற்றில் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஊர் பிரைட்டன் அன்று, டெவன் மாவட்டத்தின் ஹால்சாண்ட்ஸ் என்னும் மீனவர் குடியிருப்பு என்பது என் கருத்து. பிளிமத் அருகே கடற்படைத் துறையை விரிவாக்க 1890களின் இறுதியில் அந்தக் கரையின் முன்னிருந்த கூழாங்கற்களை இலட்சக்கணக்கான டன் வாரினார்கள். கடல் அதை நிரப்பிவிடும் என்றார்கள். மீனவர்கள் நிரம்பாது என்றார்கள். கரை தாழ்ந்தது. 1917 சனவரியில் வந்த ஒரு புயலில் ஏறத்தாழ ஊர் முழுவதும் அழிந்தது. பாடத்தில் ஹால்சாண்ட்ஸ் இல்லை, பிளாக்பூல் கோபுரம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெருந்துணிப் பைகளில் மணலை நிரப்பிக் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்தால் அலையும் அடங்கும், அலைச்சறுக்கும் வளரும் என்று நியூசிலாந்து நிறுவனம் ஒன்று இங்கிலாந்தின் பாஸ்கம் கடற்கரையில் 2009இல் ஒன்றைக் கட்டியது. 2010இல் அதே நிறுவனம் கோவளத்திலும் கட்டியது. இரண்டும் விரைவிலேயே சிதைந்தன. ஆங்கிலக் கடற்கரை ஓய்வூரும் நம் கோவளமும் உண்மையிலேயே ஒன்றுபட்ட தருணம் அது என்று மாணவர்களிடம் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கோவளத்துக் கரைமடிக்காரரின் வலை அந்தப் பைகளில் சிக்கிக் கிழிந்தது என்று கேள்விப்பட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

சரி, திட்டம். ஞாயிறு வேண்டாம் என்று முடிவு செய்தோம். கத்தோலிக்கக் கடற்புறங்களில் ஞாயிறன்று தொழிலுக்குப் போவதில்லை. நமக்கு விடுமுறையான நாளில் போனால் அவர்களுடைய விடுமுறையை மட்டுமே பார்த்துத் திரும்புவோம். கரை வெறும் காட்சியாகத் தெரியும். ஆகவே வேலைநாள், விடியலுக்கு முன் பாறசாலையிலிருந்து முதல் பேருந்து. கோவளத்தில் கரைமடி இழுக்கும்போது கயிறு பிடிக்கக் கூப்பிட்டால் பிடிப்பது. பின்னர் மாளிகையை வெளியிலிருந்து பார்ப்பது. மதியம் பூவாறு, நெய்யாறு கடலில் விழும் பொழிக்கரையில் பொதிச்சோறு. பட்டினப்பாலைப் பரதவரைப் போலக் கடலில் நனைந்தவர்கள் ஆற்றில் உப்பைக் கழுவிக்கொள்ளலாம், நீரோட்டம் பார்த்து. மாலையில் கரை வழியாகவே தெற்கே நடந்து பொழியூர், அங்கிருந்து எல்லை தாண்டி நீரோடி.

கடைசிப் பகுதியை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். நடப்பதற்கு அங்கே மணல் இருக்கிறதா என்று முதல் நாள் மாலையில் யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.